ஐஸ் பெக்டரி ஊதிவிடுற சூட்டில சுடுதண்ணி எடுக்கிறது எப்பிடி: ஹீட் பம்ப் வாங்க முதல் பாக்கவேண்டியது

திருகோணமலை கொட்பே பக்கம் ஒரு ஐஸ் பெக்டரிக்குப் பின்னால போய் கூலிங் டவருக்கு, அதாவது மெசினால வாற சூட்டுத் தண்ணியைக் காத்தில ஆத்துற கோபுரத்துக்கு, கிட்ட நிண்டு பாருங்கோ, மேல வாற காத்து ஈரமா வெதுவெதுப்பா முகத்தில அடிக்கும், அதுதான் முதலாளி கரண்ட் பில் கட்டி ஆகாசத்துக்கு அனுப்புற சூடு. அதே வளவுக்குள்ளயே மீன் பெட்டி கழுவுறதுக்கு டீசல் போய்லர் ஒண்டு புகைச்சுக்கொண்டு இருக்கும், இல்லாட்டி காஸ் சிலிண்டர் மாத்தி மாத்திப் போகும். 2022ல டீசலும் இல்லாம காஸும் இல்லாம லைனில நிண்டதுக்குப் பிறகுதான் அந்த வீண் சூட்டை ஹீட் பம்ப் (குறைஞ்ச டிகிரிச் சூட்டைக் கரண்டால கூடின டிகிரிக்குத் தூக்குற மெசின்) வைச்சு சுடுதண்ணியாக்கலாம் எண்ட கதையைக் கனபேர் காதுல வாங்கத் தொடங்கினவை, ஆனா உடன போய் மெசினுக்கு விலை கேக்கிறதுதான் முதல் வேலை எண்டு நினைக்கினம், அது கடைசி வேலை.

இது சின்ன, நடுத்தர இடங்களுக்கு எழுதுறன், அதாவது ஐஸ் பெக்டரி, மீன் குளிர் அறை, உப்புவெளி நிலாவெளி பக்க ஹோட்டல், லோண்டரி. சீனக்குடாவில இருக்கிற பெரிய பெக்டரிகளுக்கு சொந்த எஞ்சினியர்மார் இருக்கினம், அவைக்கு இது தேவையில்லை.

முதல்ல எவ்வளவு சூடு போகுது எண்ட கணக்கு. கரண்ட் பில்லில வாற யூனிட்டையே சூட்டுக்கும் வைச்சுக்கொள்ளுவம், விளங்க லேசு. 29 டிகிரில இருக்கிற தண்ணியைக் குளிராக்கி, உறைய வைச்சு, கட்டியை சைபருக்குக் கீழ 8 டிகிரி வரைக்கும் இறக்க 1 டொன் ஐஸுக்கு ஏறக்குறைய 130 யூனிட் சூட்டை வெளிய எடுக்கோணும். அதை எடுக்க கொம்பிரசர் (குளிராக்கிற காஸை அமுக்குற மெசின்) தின்னுற கரண்ட் 50, 60 யூனிட், அதுவும் கடைசியில சூடாத்தான் மாறுது. ஆக ஒரு டொன்னுக்கு 180, 190 யூனிட் கொண்டென்சரால, அதாவது அந்த காஸ் சூட்டை விட்டுத் திரவமாகிற பாகத்தால, வெளிய போகுது. ஒரு நாளைக்கு 10 டொன் அடிக்கிற இடம் எண்டா 1800, 1900 யூனிட். 1 லீட்டர் டீசலை ஒரு சுமாரான போய்லர்ல எரிச்சா தண்ணிக்குள்ள போறது 8 யூனிட்தான், அப்ப ஒவ்வொரு நாளும் 200 லீட்டருக்கு மேல டீசலுக்குச் சமனான சூடு காத்தில போகுது எண்டு அர்த்தம்.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் விக்கிறவையும் வருவினம். கணக்கு பொய்யில்லை, ஆனா அதில முக்கால்வாசிக்கு மேல 35 டிகிரிச் சூடு, அதை வைச்சு நேர ஒண்டும் கழுவேலாது. சூடு எங்கட ஊர்ல தட்டுப்பாடு இல்லை, எத்தினை டிகிரில கிடைக்குது, எந்த நேரத்தில கிடைக்குது எண்டதுலதான் எல்லாமே இருக்கு.

அதால தொடங்கவேண்டியது சூடு தேவைப்படுற பக்கத்தில இருந்து. உங்களுக்கு சுடுதண்ணி எதுக்கு, எத்தினை லீட்டர், எத்தினை டிகிரி, எந்த மணித்தியாலத்தில, இதை ஒரு கொப்பியில எழுதுங்கோ. ஆக்களிட்டக் கேட்டா "நல்ல கொதி தண்ணி வேணும்" எண்டுதான் சொல்லுவினம், நம்பாதேங்கோ, தேர்மோமீட்டரைப் போட்டுப் பாருங்கோ. மீன் பெட்டி கழுவுற இடத்தை எடுத்தா, முதல் அலசல் பச்சைத் தண்ணியிலதான் செய்யோணும், இரத்தமும் செதிலும் இருக்கேக்க சுடுதண்ணியை அடிச்சா மீன்ர புரதம் அவிஞ்சு பிளாஸ்டிக்கோட ஒட்டிப்போயிடும், பிறகு தேய்ச்சு முடியாது. அதுக்குப் பிறகு சோப்பு போட்டுக் கழுவ 45, 50 டிகிரி காணும். கொழுப்பு மீன் கூடின இடம் எண்டா 55. அப்ப 80 டிகிரில தண்ணியைக் கொதிக்க வைச்சுப்போட்டு பிறகு பச்சைத் தண்ணி கலந்து 50க்கு இறக்கிப் பாவிக்கிறது சும்மா காசைக் கரைக்கிறது. தேவைப்படுற டிகிரியை எவ்வளவு கீழ கொண்டுவரலாமோ அவ்வளவுக்கு மெசின் சின்னதாகும், பில்லும் குறையும்.

ஹோட்டல் கதை கொஞ்சம் வேற. குளிக்க 40 டிகிரி காணும், ஆனா தாங்கில 60க்கு மேல சேமிச்சு வைக்கோணும், இல்லாட்டி வெதுவெதுப்புத் தண்ணியில லெஜியொனெல்லா எண்ட கிருமி வளரும், நுரையீரலுக்குப் போற நோய், விளையாட்டில்லை. லோண்டரிக்கும் 60 அளவு. ஹோட்டலுக்கு ஒரு வாய்ப்பு என்னெண்டா, ஆக்கள் நிக்கிற நேரம்தான் ஏசியும் ஓடுது, சுடுதண்ணியும் ஓடுது, ரெண்டும் ஒண்டோட ஒண்டு பொருந்தும்.

இப்ப சூடு கிடைக்கிற பக்கம். ஒரு கிழமைக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் கொண்டென்சருக்குள்ள போற தண்ணி, வெளிய வாற தண்ணி, கொம்பிரசர்ல இருந்து சூடான காஸ் வெளிய வாற டிஸ்சார்ஜ் பைப், இந்த மூண்டு சூட்டையும் எழுதுங்கோ. லேசர் துவக்கு மாதிரி வாற தேர்மோமீட்டரை மினுங்குற பைப்புக்குப் பிடிச்சா பொய் சொல்லும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதுக்கு மேல பிடியுங்கோ, இல்லாட்டி வயர் புரோப்பை பைப்போட கட்டி மேல பஞ்சு சுத்துங்கோ. தண்ணி ஓட்டத்துக்கு மீட்டர் இல்லாட்டி ஏலுமான இடத்தில ஒரு பரலுக்குள்ள விட்டு நேரம் பாருங்கோ. கணக்கு இவ்வளவுதான்: நிமிஷத்துக்கு எத்தினை லீட்டர், அதை டிகிரி வித்தியாசத்தால பெருக்கி, பிறகு 0.07ஆல பெருக்கினா கிலோவொட் வரும். நிமிஷத்துக்கு 200 லீட்டர், 5 டிகிரி வித்தியாசம், அப்ப 70 கிலோவொட். இந்த 0.07ஐ ஞாபகம் வைச்சிருங்கோ, கடைசியில திரும்பத் தேவைப்படும்.

அளக்க முதல் கொண்டென்சரைக் கழுவுங்கோ. இதை ஏன் தனியாச் சொல்லுறன் எண்டா, சில இடங்கள்ல கொண்டென்சர் தண்ணி 40க்கு மேல வருது எண்டு சந்தோஷப்படுகினம், நல்ல சூடாம். அது நல்ல சூடில்லை, குழாய் முழுக்க உப்புப் படிஞ்சிருக்கு, இல்லாட்டி சிஸ்டத்துக்குள்ள காத்து ஏறியிருக்கு, இல்லாட்டி டவர் ஃபேன் சரியா ஓடேல்லை. கொண்டென்சிங் சூடு 1 டிகிரி ஏறினா கொம்பிரசர் 2, 3 வீதம் கூடக் கரண்ட் இழுக்கும். அந்த ஊத்தையைக் கழுவி காத்தை பேர்ஜ் பண்ணி வெளியேத்தினாலே ஹீட் பம்ப் மிச்சம் பிடிக்கிறதில பாதி ஒரு சதமும் இல்லாம கையில வரலாம். சுடுதண்ணி வேணும் எண்டதுக்காக ஹெட் பிரஷரை (கொண்டென்சர் பக்கத்து அமுக்கத்தை) வேணுமெண்டு ஏத்தி ஓடுற ஆக்களும் இருக்கினம், ஒரு கையால குடுத்து மற்றக் கையால ரெண்டு மடங்கு பறிக்கிற வேலை.

நேரத்தையும் பாருங்கோ, இங்கதான் திருகோணமலைக்கெண்டு ஒரு சிக்கல் இருக்கு. வெள்ளி, ஞாயிறு போட்டுகள் குறையும், நிலவு நாள்ல மீன் குறையும், அப்ப ஐஸும் குறையும். மாரி தொடங்கி கடல் கொந்தளிக்கிற மாசங்கள்ல பெக்டரி பாதி ஓட்டம்தான், சில மெசின் நிப்பாட்டியே இருக்கும். வைகாசி ஆனி மாசத்து நல்ல சீசன்ல அளந்த கணக்கை வருஷம் முழுக்க நீட்டிப் போட்டா முதல் போட்ட காசு திரும்பி வர நினைச்சதை விட கன நாள் எடுக்கும். போன வருஷத்து கரண்ட் பில் 12ஐயும் எடுத்து மாசம் மாசமா எத்தினை யூனிட் எண்டு பாருங்கோ, எந்த மாசத்தில கொம்பிரசர் எவ்வளவு ஓடினது எண்டு அதுவே சொல்லும்.

சரி, இவ்வளவும் பாத்தாச்சு எண்டா அடுத்த கேள்வி, ஹீட் பம்ப் இல்லாம எவ்வளவு எடுக்கலாம். அமோனியாவைக் குளிராக்கிற காஸா வைச்சு ஓடுற பிஸ்டன் கொம்பிரசர்ல இருந்து வெளிய வாற காஸ் லேசா 100 டிகிரி தாண்டும். கொண்டென்சருக்குப் போக முதல் அந்த பைப்பில ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரை (காஸும் தண்ணியும் கலக்காம சூட்டை மட்டும் கைமாத்துற பெட்டி) வைச்சு அந்த மேல்சூட்டை மட்டும் தண்ணிக்கு எடுக்கலாம், இதைத்தான் டீசூப்பர்ஹீட்டர் எண்டுறது. மொத்தச் சூட்டில 10, 15 வீதம்தான் இதில வரும், ஆனா அது 60 டிகிரித் தண்ணியா வரும், புது கொம்பிரசரும் இல்லை கரண்டும் இல்லை, ஒரு சின்ன சேர்குலேஷன் பம்ப் மட்டும்தான். மேல சொன்ன 10 டொன் பெக்டரில 29ல இருந்து 60க்கு ஒரு நாளைக்கு 5000 லீட்டருக்கு மேல கிடைக்கும். உங்கட தேவை அதுக்குள்ள முடியுது எண்டா கதை முடிஞ்சுது, ஹீட் பம்ப் வாங்காதேங்கோ.

ஸ்க்ரூ கொம்பிரசர் எண்டா டிஸ்சார்ஜ் அவ்வளவு சூடா வராது, ஒயில் குளிராக்கிக்கொண்டே ஓடுறதால, அங்க ஒயில் கூலர்லதான் நல்ல சூடு இருக்கு, அதைப் பிடியுங்கோ. ஆர் 404ஏ காஸில ஓடுற குளிர் அறைகள்ல அமோனியா அளவுக்கு மேல்சூடு வராது, எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கொள்ளுங்கோ. காத்தடிக்கிற ஸ்க்ரூ எயர் கொம்பிரசர் வைச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு வரி: அது இழுக்கிற கரண்டில பெரும்பகுதி ஒயில்ல 70, 80 டிகிரிச் சூடா நிக்குது, அதுக்கும் ஹீட் பம்ப் தேவையில்லை. ஜெனரேட்டர் புகைக்குழாயும் அப்பிடித்தான்.

அமோனியா லைனை நீங்களா வெட்டாதேங்கோ. ஊர்ல வெல்டிங் தெரிஞ்ச பொடியன் நல்ல வேலைக்காரனா இருக்கலாம், ஆனா இது லைசன்ஸ் உள்ள றெஃப்ரிஜரேஷன் ஆக்கள் லைனைக் காலியாக்கி, ஒட்டி, பிரஷர் டெஸ்ட் பண்ணிச் செய்யவேண்டிய வேலை. செப்பும் பித்தளையும் அமோனியாவில அரிச்சுப்போகும், அதால செப்பு பிரேசிங் (செப்பை உருக்கி ஒட்டினது) உள்ள மலிவு பிளேட் எக்ஸ்சேஞ்சர் கூடாது, நிக்கல் பிரேசிங் இல்லாட்டி வெல்டட் ஸ்டீல் கேளுங்கோ. எக்ஸ்சேஞ்சரை கொண்டென்சர் பக்கம் சரிவா வைக்கோணும், உள்ளுக்க கொஞ்சம் காஸ் திரவமாகினாலும் அது கொம்பிரசருக்குத் திரும்பி வரக்கூடாது. தண்ணி பக்கம் றிலீஃப் வால்வ் கட்டாயம், பம்ப் நிண்டா உள்ளுக்க நிக்கிற தண்ணி கொதிக்கும். குளிக்கவோ மீனில படவோ போற தண்ணி எண்டா ரெட்டைச் சுவர் எக்ஸ்சேஞ்சர், ஓட்டை விழுந்தா அமோனியா வெளியில கசியோணும், தண்ணிக்குள்ள போகக்கூடாது.

இவ்வளவும் எடுத்தும் காணாட்டித்தான் ஹீட் பம்ப். அது சூட்டை உண்டாக்கிற மெசின் இல்லை, கீழ கிடக்கிற சூட்டை மேல தூக்குற மெசின். துலாவில தண்ணி இறைக்கிற மாதிரித்தான், கிணறு ஆழமாக ஆழமாக இழுவை கூடும். 34 டிகிரில கொண்டென்சரால வாற தண்ணியில இருந்து எடுத்து 65 டிகிரித் தண்ணி குடுக்கோணும் எண்டா, உள்ளுக்க காஸ் 25ல ஆவியாகி 70ல திரவமாகும், இடைவெளி 45 டிகிரி. பெளதீக விதிப்படி எட்டக்கூடிய உச்சம், மேல் சூட்டோட 273ஐக் கூட்டி இடைவெளியால பிரிக்கிறது, 343 பிரி 45, ஏழரைக்குக் கொஞ்சம் மேல. நடைமுறையில நல்ல மெசின் அதில பாதி குடுக்கும், 3.8 எண்டு வைப்பம். அதாவது 1 யூனிட் கரண்டுக்கு 3.8 யூனிட் சூடு, இதைத்தான் சீ.ஓ.பி எண்டு கொட்டேஷன்ல போடுவினம். அதே மெசினை 90 டிகிரி குடு எண்டு கேட்டா சீ.ஓ.பி 2.6க்குக் கிட்ட விழும். 50 டிகிரி மட்டும் காணும் எண்டா 5 தாண்டும்.

இந்த மூண்டு இலக்கத்தையும் பாத்தா ஒரு நல்ல வழி தெரியும். ஹீட் பம்பை 29ல இருந்து 50 வரைக்கும் மட்டும் தூக்க விட்டுட்டு, மிச்ச 50ல இருந்து 60, 65 வரைக்கும் டீசூப்பர்ஹீட்டர்ல ஏத்துங்கோ. சூடான காஸ் சும்மா கிடக்கேக்க அந்தக் கடைசி டிகிரிகளுக்கு ஏன் கரண்ட் கட்டோணும். கனபேர் இதைத் தலைகீழாப் பூட்டியிருக்கினம், டீசூப்பர்ஹீட்டர்ல முதல் சூடாக்கி பிறகு ஹீட் பம்புக்கு விடுறது, அப்ப மெசின் எப்பவும் மேல் டிகிரிலயே மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்.

இங்க இன்னொரு நன்மையும் இருக்கு, ஹீட் பம்ப் கொண்டென்சர் தண்ணியைக் குளிராக்கித் திருப்பி அனுப்புது, கூலிங் டவருக்கு வேலை குறையும், கொம்பிரசருக்கும் கொஞ்சம் லேசாகும். ஹீட் பம்ப் பூட்ட அமோனியா லைனைத் தொடவும் தேவையில்லை, தண்ணிப் பக்கத்தில மட்டும் பூட்டுறது, அதால டீசூப்பர்ஹீட்டர் மட்டும் காணாத சின்ன இடங்களுக்கு நான் இதைத்தான் விரும்பிச் சொல்லுவன்.

சைஸ் போடுறது எப்பிடி. ஒரு நாளைக்கு 3000 லீட்டர், 29ல இருந்து 65க்கு, டீசூப்பர்ஹீட்டர் இல்லாத இடம் எண்டு வைப்பம். 1000 லீட்டரை 1 டிகிரி ஏத்த 1.16 யூனிட், அப்ப 3 தரம் 36 தரம் 1.16, ஏறக்குறைய 125 யூனிட். 20 கிலோவொட் மெசின் எண்டா ஆறேகால் மணித்தியாலம் ஓடோணும். இரவு பத்தரையில இருந்து காலம அஞ்சரை வரைக்கும் ஓஃப் பீக், அதாவது கரண்ட் மலிவான நேரம், 7 மணித்தியாலம், அதுக்குள்ள முடிஞ்சுது. ஐஸ் பெக்டரி இரவிலயும் ஓடுறதால சூடும் இருக்கும். பின்னேரம் ஆறரைல இருந்து பத்தரை வரைக்கும் கரண்ட் விலை கூடின பீக் நேரம், அந்த நேரத்தில மெசின் தானா எழும்பாம டைமர் வையுங்கோ. பெரிய இணைப்பு உள்ள ஆக்களுக்கு அந்த மாசத்து உச்ச கேவிஏக்கும் (ஒரே நேரத்தில இழுத்த ஆகக்கூடின அளவுக்கும்) காசு, மற்ற மோட்டர் எல்லாம் ஓடேக்க இதுவும் சேர்ந்து ஸ்டார்ட் ஆகினா அந்த உச்சம் ஏறிப்போகும். பகல் பாவிக்கிறவரைக்கும் வைச்சிருக்க தாங்கி வேணும், ஒல்லியா உயரமான தாங்கி எடுங்கோ, சூடு மேல நிக்கும் குளிர் கீழ நிக்கும், பச்சைத் தண்ணி அடியால வரோணும், சுடுதண்ணி மேலால போகோணும். படுக்கை வசமான தாங்கில எல்லாம் கலந்து வெதுவெதுப்பாகி ஒண்டுக்கும் உதவாது.

காசுக் கணக்குக்கு நான் ரூபா போடேல்லை, விலை மாறிக்கொண்டே இருக்கும், நீங்களே போட்டுப் பாருங்கோ. 1 லீட்டர் டீசல் 8 யூனிட் சூடு, ஹீட் பம்புக்கு 3.8ல அதுக்கு 2.1 யூனிட் கரண்ட். அப்ப 2 யூனிட் சொச்சத்தின்ர விலை பெரிசா 1 லீட்டர் டீசலின்ர விலை பெரிசா. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒண்டு 135 யூனிட் சூடு அளவில குடுக்கும், அதுக்கு 36 யூனிட் கரண்ட். கரண்டில சூடாகிற வெறும் கொயில் ஹீட்டர்ல காய்ச்சுற ஆக்களுக்கு கணக்கே தேவையில்லை, பில் நாலில ஒண்டாகும். ஆனா கந்தளாய்ப் பக்க அரிசி ஆலைக்காரர் மாதிரி உமி சும்மா கிடைச்சு அதையே எரிக்கிற ஆக்கள் இந்தப் பக்கம் வராதேங்கோ, நெல்லு ஊறப்போட 60, 70 டிகிரித் தண்ணிதான் எண்டாலும் உமியை வெல்ல எந்த மெசினாலயும் ஏலாது.

கருவாட்டுக்காரருக்கு ஒரு விஷயம், கேக்கிற ஆக்கள் கூட. மாரில வெயில் இல்லாம மீன் பழுதாப்போற நேரம் 60 டிகிரித் தண்ணியை ஒரு ஃபேன் கொயில்ல ஓடவிட்டா 40, 45 டிகிரிக் காத்து எடுக்கலாம். வெளியில 26 டிகிரி, 90 வீத ஈரப்பதன் உள்ள காத்தை 40க்கு சூடாக்கினாலே அதின்ர ஈரப்பதன் 40 வீதத்துக்குக் கிட்ட இறங்கும், மீன் நல்லா இழுத்துக் காயும். 50க்கு மேல போனா காயாது, அவியும், வெளித்தோல் இறுகி உள்ளுக்க ஈரம் நிக்கும். சிக்கல் நான் முதல் சொன்னதுதான், அதே மாரிலதான் ஐஸ் பெக்டரியும் குறைய ஓடுது. அதால கருவாடுதான் உங்கட முக்கிய வேலை எண்டா பெக்டரிச் சூட்டை நம்பி இருக்காம, காத்தில இருக்கிற ஈரத்தையே பிழிஞ்சு எடுக்கிற ஹீட் பம்ப் ட்ரையரைத் தனியாப் பாருங்கோ.

காஸ் வகையைப் பற்றி கொட்டேஷன்ல பெரிசா எழுதியிருப்பினம். ஆர் 134ஏ 65, 70 டிகிரிக்குப் போதும். கார்பன் டை ஒக்சைட் மெசின் 90 வரைக்கும் குடுக்கும் எண்டு விளம்பரம், உண்மைதான், ஆனா அது உள்ள வாற தண்ணி நல்ல குளிரா இருந்தாத்தான், அந்த காஸின்ர கிரிட்டிகல் சூடு, அதாவது அதுக்கு மேல திரவமாகாத எல்லை, 31 டிகிரி, எங்கட கிணத்துத் தண்ணியே 29ல வருது, ஜப்பான்ல குடுக்கிற சீ.ஓ.பியை இங்க எதிர்பார்க்காதேங்கோ. தாங்கில இருந்து வெதுவெதுப்பாத் திரும்பி வாற தண்ணியை அதுக்குள்ள விட்டா இன்னும் மோசம்.

கொட்டேஷன் கேக்கேக்க "20 கிலோவொட் மெசின் என்ன விலை" எண்டு கேக்காம, "கொண்டென்சர் பக்கத்து 34 டிகிரித் தண்ணி உள்ள வந்து 29ல வெளிய போகேக்க, பாவிக்கிற தண்ணியை 29ல இருந்து 65ஆக்கினா எத்தினை கிலோவொட் சூடு, எத்தினை கிலோவொட் கரண்ட்" எண்டு எழுத்தில கேளுங்கோ. கெட்டலொக்கில போடுற சீ.ஓ.பி வேற ஏதோ லேசான நிலைமைக்குப் போட்டதா இருக்கும். அதே இலக்கத்தை பூட்டினாப் பிறகு அளந்து காட்டினாத்தான் கடைசிக் காசு எண்டும் எழுதுங்கோ.

தண்ணி எங்கட பக்கம் நல்லா உப்பும் சுண்ணாம்பும். 60 டிகிரிக்கு மேல சூடாக்கேக்க சுண்ணாம்பு எக்ஸ்சேஞ்சர் பிளேட்டில படியும், அதால சுண்ணாம்பை எடுக்கிற சொஃப்ட்னர் ஒண்டு வையுங்கோ, ரெண்டு பக்கமும் வால்வும் கழுவுற பொயின்ட்டும் விட்டுப் பூட்டச் சொல்லுங்கோ, இல்லாட்டி சிட்ரிக் அசிட் விட்டுக் கழுவ பைப்பை அறுக்கவேண்டி வரும். உவர்த் தண்ணி எண்டா 304 ஸ்டீல் ஊசி ஓட்டை போடும், 316 கேளுங்கோ, கடல் தண்ணி எண்டா டைட்டேனியம்தான். சாதாரண பீ.வி.சி பைப் 60 டிகிரில தொய்ஞ்சு போகும், சூடு தாங்கிற பீ.பி.ஆர் பைப் போடுங்கோ. கடற்காத்தில சாதாரண தகரம் ஒரு மாரிக்கே துருப்பிடிக்கும், தாங்கி இன்சுலேஷனுக்கு மேல அலுமினியத் தகடு நல்லது.

பூட்டி ஓடத் தொடங்கினாப் பிறகு மாசத்துக்கு ஒருக்கா அந்த 0.07 கணக்கைத் திரும்பச் செய்யுங்கோ, சூடாகிற தண்ணியின்ர லீட்டர், டிகிரி வித்தியாசம், மெசின் இழுக்கிற கிலோவொட், முதல் ரெண்டாலயும் வாற சூட்டு கிலோவொட்டை மெசின் இழுக்கிற கிலோவொட்டால பிரிச்சு சீ.ஓ.பியை சுவரில எழுதுங்கோ. 3.8ல தொடங்கினது 3.2க்கு வந்துட்டுது எண்டா காஸ் குறைஞ்சிருக்கு எண்டு உடன ஆளைக் கூப்பிடாம, முதல்ல பிளேட்டைக் கழுவி ஸ்ட்ரெய்னரை (ஊத்தை பிடிக்கிற வலையை) திறந்து பாருங்கோ.